முதல் மாறியை எந்த மொழியில் எழுதுவது? பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட்

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

கணக்கு நோட்டில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் ஒரு அடி விழும். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. புரோகிராமிங்கிலோ இது தினமும் எழுதுகிற வரி. வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு, கிடைத்த விடையை இடப்பக்கப் பெயருக்குக் கொடு என்பதுதான் பொருள். அந்தப் பெயர்தான் மாறி. இதற்கு மதிப்பிருத்தல் என்று பெயர். சமம் என்ற பேச்சே இதில் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் அந்தக் குறி. 1557-இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் சமத்துக்காக உருவாக்கிய இரட்டைக் கோட்டை, 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி மதிப்பிருத்தலுக்கு எடுத்துக்கொண்டது. பாஸ்கல் := என்றும், ஆர் மொழி <- என்றும் எழுதுகின்றன. அந்த அம்புக்குறி எவ்வளவோ தெளிவு. ஆனால் இன்று புதிதாகக் கற்பவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும்தான். மூன்றிலும் = தான். அதனால் இந்த விஷயத்தில் யாருக்கும் மார்க் கிடையாது.

நான் மூன்றையும் அளப்பது ஒரே ஒரு கேள்வியை வைத்து: நீங்கள் தப்பு செய்தால் மொழி உடனே கத்துகிறதா, கமுக்கமாக இருந்துவிடுகிறதா? கற்கும் முதல் மாதத்தில் வேகம், அழகு எதுவும் முக்கியமில்லை.

மாறி: பெட்டியா, பெயர்ச்சீட்டா?

சி மொழியில் மாறி என்பது நினைவகத்தில் ஒரு பெட்டி. 'இன்ட்' என்று அறிவித்தால் முழு எண்ணுக்கு அளவெடுத்த பெட்டி, 3.7 போட்டால் 3 தான் தங்கும். பைத்தானில் பெட்டி இல்லை. மதிப்பு எங்கோ இருக்கும், மாறி அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. சீட்டைப் பிய்த்து வேறொன்றில் ஒட்டலாம். இன்று எண், நாளை சொல். ஜாவாஸ்கிரிப்டும் இந்த விஷயத்தில் பைத்தான் கட்சி.

மதிப்பே கொடுக்காத மாறியைக் கூட்டிப் பாருங்கள். பைத்தான் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அங்கேயே நின்றுவிடும். சி, அந்தப் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த குப்பையை எடுத்துக் கூட்டிவிடலாம்; ஒருநாள் 0 வரும், மறுநாள் ஏதோ ஒரு பெரிய எண். கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் மென்பொருள்) எச்சரிக்கைகளை முடுக்கிவிட்டால் பெரும்பாலும் சொல்லும், ஆனால் புதியவருக்கு அது தெரிந்திருக்காது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறியை அறிவித்துவிட்டு மதிப்புக் கொடுக்க மறந்தால், விடை NaN என்று வரும். 'எண் அல்ல' என்பதன் சுருக்கம் அது. அதனோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் பெருக்கினாலும் மறுபடி அதுவே; கடைசி வரியில்தான் தெரியும், பிறந்த இடம் தெரியாது.

பைத்தானை இங்கே முழுதாகப் புகழவும் முடியவில்லை. 'மதிப்பெண்' என்ற மாறியை மாற்ற நினைத்து, கை தவறி 'மதிபெண் = 50' என்று எழுதினால் சத்தமில்லாமல் புது மாறி ஒன்று பிறந்துவிடும். பழையது மாறாமல் அப்படியே இருக்கும். சி கம்பைலர் இதை வாசலிலேயே பிடிக்கும்.

ஆம், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் ஏற்கும். ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 'கொ'-வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பைத்தான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு மாறிகள், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும்!

வகுத்தல்

உண்மையான சண்டை இங்கேதான். 7 / 2 எவ்வளவு? பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 3.5 என்கின்றன. சி 3 என்கிறது. இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண், மிச்சம் வெட்டி எறியப்படும்.

கேட்க எளிது, மாட்டினால்தான் வலி. பாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க 5 / 9 * (பா - 32) என்று சியில் எழுதிவிட்டு, எந்த வெப்பநிலை கொடுத்தாலும் 0 வருவதைப் பார்த்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். சூத்திரத்தை நாலு தடவை சரிபார்த்தேன்; சூத்திரம் சரி. 5 / 9 முதலில் கணக்கிடப்பட்டு 0 ஆகிவிடுகிறது, அப்புறம் எதால் பெருக்கி என்ன? 5.0 / 9 என்றால் போதும். பழைய பைத்தானிலும் இதே கதைதான். 2008-இல் வந்த பைத்தான் 3 தான் மாற்றியது. ஈவு மட்டும் வேண்டுமென்றால் அதில் // என்று தனிக்குறி: 200 நொடி என்றால் 200 // 60 = 3 நிமிடம். மீதிக்கு %: 200 % 60 = 20 நொடி. இரண்டு வேலைக்கு இரண்டு குறி. எனக்கு இதுதான் நேர்மையான வடிவமைப்பாகப் படுகிறது.

மீதியில் இன்னொரு பள்ளம். இப்போது மணி 2. ஐந்து மணி நேரத்துக்கு முன் எத்தனை மணி? (2 - 5) % 12 என்றால் பைத்தான் 9 என்று சரியாகச் சொல்லும். மற்ற இரண்டும் -3 என்று சொல்லிவிட்டு நிற்கும்.

அடுக்கும் பெரிய எண்களும்

2 + 3 * 4 மூன்றிலும் 14 தான். அடுக்குக்குப் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ** உண்டு, சியில் குறியே இல்லை. ^ போட்டுப் பார்க்க ஆசை வரும்; மூன்றிலும் 2 ^ 3 என்பதற்கு விடை 1. அது பிட்டுகளை (0, 1 என்ற இரும இலக்கங்களை) ஒப்பிடும் வேறு செயற்குறி. -2 ** 2 என்று எழுதினால் பைத்தான் -4 தரும், ஜாவாஸ்கிரிப்ட் 'அடைப்புக்குறி போடாமல் ஏற்கமாட்டேன்' என்று மறுக்கும். அது வாயைத் திறந்து கத்துகிற அபூர்வமான இடம்.

1 முதல் 12 வரை பெருக்கினால் 47,90,01,600. சியின் வழக்கமான 32 பிட் பெட்டிக்குள் அடங்கும். 13-ஐயும் பெருக்கினால் அடங்காது, தப்பான எண் ஒன்று வந்து நிற்கும். பைத்தானில் 100 வரை பெருக்கினாலும் 158 இலக்கமும் துல்லியமாக வரும்.

0.1 + 0.2 சரியாக 0.3 ஆவதில்லை என்பதற்கு எந்த மொழியையும் திட்ட வேண்டாம், இரும எண்களின் குணம் அது.

விசைப்பலகையிலிருந்து வரும் 5

பயனர் தட்டிய 5 முதலில் எழுத்தாகத்தான் வரும். அதோடு 3-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 53 என்கிறது, கழித்தால் 2 என்கிறது! பைத்தான் கூட்டவே மறுக்கிறது. ஆனால் அதே '5'-ஐ 2-ஆல் பெருக்கினால் பைத்தானும் அசடு வழியும்: 55.

என் கை எங்கே போகும்

பைத்தானில் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே சின்ன நிரல்களைச் சியில் எழுதிப் பாருங்கள், எல்லா எச்சரிக்கைகளையும் முடுக்கிவிட்டு. பெட்டி, அளவு என்பதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரவுசர் ஒன்றே போதும் என்ற வசதி பெரிதுதான், இருந்தாலும் முதல் மாதத்துக்கு அது மௌனமான ஆசிரியர்.

ஆர்டுவினோ போன்ற சின்ன மின்னணுப் பலகைகளில் விளக்கு எரிய வைப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்த வரிசையை விட்டுவிடுங்கள். அங்கே பேச்சுமொழி சி வகைதான், நேராக அதற்கே போகலாம். ஆர்டுவினோ ஊனோ R3 பலகையில் இன்ட் பெட்டி 16 பிட், 32,767 வரைதான் பிடிக்கும். ஒரு நிமிடத்தை மில்லிநொடியாக்க 60 * 1000 என்று எழுதினால் -5536 வந்து நிற்கும். 60-இன் பின்னால் L எழுத்தைச் சேர்த்தால் பெரிய பெட்டியில் கணக்குப் போட்டு 60,000 தரும்.