பார்பிக்யூ பயணத்துக்கு எந்தத் திசை? டெக்சாஸ், கரோலினா, கன்சாஸ் சிட்டி, மெம்பிஸ்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பார்பிக்யூ, அதாவது விறகின் அனலிலும் புகையிலும் நெடுநேரம் வாட்டிய இறைச்சி, உண்பதற்கென்றே காரில் ஊர் ஊராகச் செல்ல விரும்புவோர் முன் வழக்கமாக நான்கு இடங்கள் வந்து நிற்கின்றன: டெக்சாஸின் நடுப்பகுதி, வட கரோலினா, கன்சாஸ் சிட்டி, மெம்பிஸ். சிகாகோவில் வசிக்கும் எங்களுக்குக் கன்சாஸ் சிட்டியும் மெம்பிஸும் ஒரு பகல் ஓட்டத்தில் எட்டிவிடும் தூரம். டெக்சாஸ்தான் எல்லாவற்றிலும் தொலைவு. அப்படியிருந்தும் அம்மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு விமானத்தில் சென்று, அங்கே வாடகைக் கார் எடுத்துச் சுற்றுவதென்று முடிவு செய்தோம். யார் கேட்டாலும் இன்றும் அதையே முதலில் சொல்வேன்.

சுவை வேறுபாடுகள் பலரும் அறிந்தவையே. டெக்சாஸில் உப்பும் மிளகும் தடவி ஓக் விறகில் வாட்டிய பிரிஸ்கெட் என்னும் மாட்டு நெஞ்சுக்கறி. வட கரோலினாவில் வினிகர் சேர்த்த பன்றிக்கறி. மெம்பிஸில் ரிப்ஸ் என்னும் பன்றி விலாக்கறி. கன்சாஸ் சிட்டியில் எல்லா வகை இறைச்சியும், அதன்மேல் தக்காளியும் மொலாசஸ் பாகும் கலந்த இனிப்புச் சாஸும். இவற்றுள் எது உயர்ந்தது என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. பயணத்துக்கு இடம் தேர்வதில் நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று: வயிறு நிறைந்துவிடாமல் ஒரே நாளில் எத்தனை கடைகளின் கறியை உண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதே அது.

இந்த உணவுக்கு மறுசமையல் கிடையாது என்பதை மனத்தில் கொண்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும். பிரிஸ்கெட்டோ முழுப் பன்றியோ பெரும்பாலும் முந்தைய நாளே நெருப்பேறி, பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மெல்லிய அனலில் கிடக்கிறது. மதியம் கூட்டம் அதிகமாகிவிட்டது என்பதற்காக இன்னொன்றை அவசரமாகச் செய்து கொடுக்க எந்தக் கடையாலும் இயலாது. கறி தீர்ந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. ஆகவே பயணிக்கு உண்மையில் கிடைப்பது காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையிலான நேரம்தான். அதற்குள் கடைக்குக் கடை இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தால், ஒரு நாளைக்கு ஒரு கடையோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

டெக்சாஸ் இந்த இடத்தில்தான் முந்துகிறது. அங்குள்ள பழைய கடைகள் பலவும் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளிலிருந்து வளர்ந்தவை. விற்காமல் மீந்த கறியைப் புகையில் வாட்டி, சாஸேஜ் திணித்து விற்கத் தொடங்கினார்கள்; தராசும் பழுப்புக் காகிதமும் அப்படியே நிலைத்துவிட்டன. அதனால் இன்றும் கறி எடைக்கு விற்கப்படுகிறது. லாக்ஹார்ட்டில் உள்ள ஸ்மிட்டீஸ் மார்க்கெட்டில் பின்வாசல் வழியே நுழைந்தால், செங்கல் அடுப்பின் வாயில், தரைமட்டத்திலேயே ஓக் கட்டைகள் தடுப்பேதுமின்றி எரிந்துகொண்டிருக்கும். வரிசை அந்த அனலை ஒட்டியே நகர்கிறது. நம் முறை வந்ததும் கொழுப்புள்ள பகுதியா, கொழுப்பு குறைந்த பகுதியா என்று கேட்டு, நாம் சொன்ன அளவுக்கு வெட்டி, நிறுத்து, காகிதத்தில் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். இருவர் சென்றால் கால் பவுண்டு பிரிஸ்கெட், ஒரு சாஸேஜ் என்று வாங்கிப் பகிர்ந்துகொண்டு, பசி மிச்சமிருக்கும்போதே அடுத்த கடைக்குப் புறப்படலாம். சாஸுக்கு அங்கே பெரிய இடமில்லை என்பதால், ஒரு கடையின் புகைக்கும் இன்னொரு கடையின் புகைக்கும் உள்ள வேறுபாடு மறைவின்றித் தெரிகிறது.

தூரமும் அதற்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கிறது. ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 30 மைலில் லாக்ஹார்ட். 1932-இல் தொடங்கிய பிளாக்ஸ், 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட், குடும்பம் பிரிந்து க்ரைட்ஸ் 1999-இல் புதுக் கட்டடத்துக்குப் போனபின் அதன் பழைய கட்டடத்திலேயே நடக்கும் ஸ்மிட்டீஸ் ஆகிய மூன்றும் அந்தச் சிற்றூருக்குள் சில நிமிட இடைவெளியில் இருக்கின்றன. இன்னும் 15 மைல் தெற்கே லூலிங்கில் சிட்டி மார்க்கெட். ஆஸ்டினுக்கு வடகிழக்கே டெய்லரில், 1949 முதல் நடக்கும் லூயி மியூலரில் சுவர்கள் புகையால் கருத்திருக்கின்றன. பிரிஸ்கெட்டின் மேலோட்டில் படிந்திருக்கும் முரட்டு மிளகு, மிளகு வறுவலில் வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும். வழியிலேயே எல்ஜின், அங்குள்ள சவுத்சைட் மார்க்கெட் 1882-இல் தொடங்கியது, பெயர் பெற்றது காரச் சாஸேஜுக்கு.

வட கரோலினாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாநிலத்தின் கிழக்கே ஏய்டனில் 1947 முதல் நடக்கும் ஸ்கைலைட் இன்னில் முழுப் பன்றியை விறகுத் தணலில் இரவெல்லாம் வாட்டி, மொறுமொறுத்த தோலையும் சேர்த்துக் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்து, முட்டைக்கோஸ் சாலடும் சோள ரொட்டியும் வைத்துத் தருகிறார்கள். உழைப்பிலும் மரபிலும் அது டெக்சாஸுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. ஆனால் மாநிலத்தின் மேற்குப் பாணியான, தோள்கறியும் தக்காளி கலந்த வினிகரும் கொண்ட லெக்சிங்டன் வகையை அதன் ஊரிலேயே உண்ண வேண்டுமென்றால், ஏய்டனிலிருந்து ஏறக்குறைய 190 மைல் ஓட்ட வேண்டும். இரு பாணிகளையும் ஒரே நாளில் அடுத்தடுத்து உண்டு ஒப்பிடுவது கடினம். தட்டோ சாண்ட்விச்சோ வாங்கினால் அதுவே ஒரு வேளை உணவாகிவிடுகிறது என்பதும் உண்டு.

தூரம் மட்டுமே அளவுகோல் என்றால் கன்சாஸ் சிட்டிக்கே முதலிடம் தர வேண்டும். 1908-இல் அங்கே கடை வைத்த ஹென்றி பெர்ரியின் வழிவந்த ஆர்தர் பிரையன்ட்ஸ் முதல், பெட்ரோல் பங்கில் நடக்கும் ஜோஸ் வரை எல்லாமே ஒரே மாநகருக்குள் அடக்கம். பிரிஸ்கெட்டின் ஓரத்தில் கருகிய துண்டுகளைத் தனி உணவாக்கிய பெருமையும் அந்நகருக்கே உரியது. எடைக்கும் வாங்கலாம், எனினும் மலையாய்க் குவித்த சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் வழக்கம், இரண்டாவது கடைக்கு வயிற்றில் இடமிருப்பதில்லை. ஊர்விட்டு ஊர் போகும் பயணமாகவும் அது அமைவதில்லை. வார இறுதியில் நகரில் தங்கி உண்பதற்கு நல்ல இடம் என்பேன்.

மெம்பிஸில் வழிப்பயணமாக ஒரு மாலை தங்கியதோடு சரி. 1948-இல் தொடங்கிய ரெண்டெவூவில் மசாலாப் பொடி தூவிய ரிப்ஸ் நன்றாகவே இருந்தன. அதை வைத்து ஊரையே எடைபோடுவது நியாயமாகாது.

மாட்டிறைச்சி உண்ணாத நம்மவர்கள் பலருக்கு டெக்சாஸ் வீண் என்ற எண்ணம் உண்டு. பல கடைகளில் வான்கோழியும் பன்றி ரிப்ஸும் கிடைக்கும் என்றாலும், அங்கே உயர்வானது பிரிஸ்கெட்தான் என்பதை மறைக்க முடியாது. மாடும் பன்றியும் இரண்டுமே கூடாதென்றால் கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோவைப் பரிந்துரைப்பேன். அங்கே பார்பிக்யூ என்றால் முதிர்ந்த செம்மறியாட்டுக் கறி. ஹிக்கரி விறகில் வாட்டி, வூஸ்டர்ஷயர் சாஸ் கலந்த கறுப்புக் குழம்போடு தருகிறார்கள். 1963 முதல் ஒரே குடும்பம் நடத்தும் மூன்லைட் அதற்குப் பெயர்போனது.

டெக்சாஸ் என்று முடிவு செய்தவர்கள் நாள்களை அடுக்குவதில் கவனம் கொள்ள வேண்டும். லெக்சிங்டன் என்ற பெயரில் டெக்சாஸிலும் ஒரு சிற்றூர் உண்டு. அங்குள்ள ஸ்னோஸ் சனிக்கிழமை மட்டுமே, காலை எட்டு மணிக்குத் திறக்கிறது, விடியும் முன்பே வரிசை நிற்கிறது. ஆகவே சனிக்கிழமையை அதற்கு ஒதுக்கி, அங்கிருந்து நேரே டெய்லருக்குச் செல்லலாம். லூலிங்கை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது. ஞாயிறு, திங்களில் திறக்காத கடைகள் பல. பிளாக்ஸ் எல்லா நாளும் திறந்திருப்பதால் லாக்ஹார்ட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடையானாலும் முதலில் கால் பவுண்டு கேளுங்கள்; பிடித்திருந்தால் மீண்டும் வரிசையில் நிற்கலாம்.