ரிதம் திருத்த எது தோது?

மெட்டு கிடைத்துவிட்டது, கார்டுகளையும் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்டாயிற்று. கார்டுகளைக் கொடுத்தால் தானாகப் பக்கவாத்தியம் வாசிக்கும் மென்பொருள் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்குகிறது. கேட்டால் வேறு யாருடைய பாட்டுக்கோ வாசிப்பதுபோல் இருக்கிறது. சாலிகிராமம், வடபழனிப் பக்கம் ஓர் அறையில் கணினியை வைத்துக்கொண்டு மெட்டுக் கட்டுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு ஸ்னேர் (டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் மேளம்) அடியை நகர்த்த நினைத்தால் எந்த மென்பொருள் எவ்வளவு தூரம் உள்ளே விடுகிறது? என் அளவுகோல் அதுதான்.

ஐரியல் ப்ரோ என்ற செயலியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போனில் கார்டுகளைத் தட்டிவிட்டு உடனே பாடிப் பார்க்க அதைவிட வசதியானது இல்லை. ஸ்டைலை (வாசிப்புப் பாணியை) மாற்றலாம், டிரம்ஸின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கலாம். பேட்டர்னுக்குள், அதாவது திரும்பத் திரும்ப வரும் அடி வரிசைக்குள், கைவைக்க முடியாது. மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்த அடி எப்போது எவ்வளவு வலுவில் என்ற குறிப்பாக) வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் வெட்டி ஒட்டலாம்தான். அதற்குள் வரிகள் மறந்துபோகும்.

பேண்ட்-இன்-எ-பாக்ஸ் 1990 முதல் இருக்கிறது; கனடாவின் பி.ஜி. மியூசிக் தயாரிப்பு. இதில் இரண்டு வகை டிரம்ஸ் உண்டு. ரியல்டிரம்ஸ் என்பது உண்மையான கலைஞர்கள் வாசித்த ஒலிப்பதிவு. கேட்க அத்தனை சுகம். ஆனால் பதிவான வாசிப்பிலிருந்து ஓர் அடியை மட்டும் பிடுங்கி அடுத்த தட்டில் நட முடியாது. மற்றது மிடி டிரம்ஸ். ஒலி சற்றே தட்டை, ஆனால் ஸ்டைல்மேக்கர் என்ற திருத்தும் பகுதியைத் திறந்தால் பேட்டர்ன்கள் முழுவதும் உங்கள் கையில். ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஓர் எடை எண் உண்டு. ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 2 என்று கொடுத்தால் முதலாவது ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக வரும். ஒரே அடி சலிப்பூட்டாமல் இருப்பதற்கு இந்த எண் போதும். புது பேட்டர்ன் எழுத அவசரப்பட வேண்டாம்.

சொல்லப்போனால், பேட்டர்ன் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் பலருக்கு உண்மையில் உறுத்துவது ஃபில் (ஒரு பகுதி முடியும்போது டிரம்ஸ் உருளும் அலங்கார வாசிப்பு) விழும் இடம். பல்லவிக்கு 'ஏ', சரணத்துக்கு 'பி' என்று மார்க்கர் (பகுதி தொடங்கும் இடத்தின் குறி) வைத்தால், அதற்கு முந்தைய பாரில் (தாளச் சுற்றில்) ஃபில் தானாக விழும். சரணத்தின் நடுவில் தேவையில்லாமல் டிரம்ஸ் உருண்டால் அங்கே ஒரு மார்க்கர் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏழு தட்டுக்கு வந்தால்தான் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் திணறுகிறது. ஒவ்வொரு பாருக்கும் தட்டு எண்ணிக்கையை மாற்றலாம். நாலும் மூன்றுமாக அடுக்கி ஏழாக்கவும் செய்யலாம். நாலு தட்டுக்காகச் செய்த ஸ்டைலை மூன்றில் அறுக்கும்போது அந்த வெட்டு காதில் படும்.

எம்.எம்.ஏ. இங்கேதான் உதவுகிறது. மியூசிக்கல் மிடி அக்கம்பனிமென்ட் என்பதன் சுருக்கம் இது. இலவசம், பைத்தானில் ஓடுவது, திரையில் கட்டமோ பொத்தானோ கிடையாது. எல்லாமே எழுத்து. ஒவ்வோர் அடிக்கும் எந்தத் தட்டில், எவ்வளவு நீளம், எவ்வளவு வலு என மூன்று எண்களை எழுத வேண்டும். மிஸ்ர சாபுவை எடுத்துக்கொள்வோம்: தகிட தக திமி. பாருக்கு ஏழு தட்டு என்று அறிவித்துவிட்டு, கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்மை) 1, 4, 6 ஆகிய தட்டுகளில் வையுங்கள். வலு முதலடிக்கு 100, மற்ற இரண்டுக்கும் 80. மூன்றே அடியில் தாளம் நடக்கத் தொடங்கிவிடும். இயந்திரத்தனமாக ஒலித்தால் ஆர்வால்யூம் கட்டளை வலுவைக் கொஞ்சம் கலைக்கும், ஆர்டைம் நேரத்தைக் கொஞ்சம் கலைக்கும். கொஞ்சம் என்பதை அடிக்கோடிடுகிறேன். ஆர்டைமை ஏற்றினால் குடித்துவிட்டு வாசித்ததுபோல் ஆகிவிடும். சங்கடம் என்னவென்றால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மறுபடி மிடி கோப்பை உருவாக்கித்தான் கேட்க முடியும். வாய்ப்பாட்டோடு சேர்த்து வேகமாக முயன்று பார்க்க இது ஆகாது.

குத்துப் பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு தட்டை நான்காகப் பிளக்கும் கட்டத்தில் ஆறு-எட்டு அடி சரியாக உட்காராது, நொண்டும். தட்டை மூன்றாகப் பிளந்து, நாலு தட்டுப் பாருக்குப் பன்னிரண்டு இடங்களாக்கிக்கொண்டு பிறகு அடிகளை வையுங்கள். எந்த மென்பொருளானாலும் இதுதான் வழி.

எனக்கு வேண்டியது நாலு தட்டில் ஓடும் மெல்லிசை என்றால் பேண்ட்-இன்-எ-பாக்ஸை, அதுவும் மிடி டிரம்ஸோடு, எடுப்பேன். சாபு தாளமென்றால் எம்.எம்.ஏ. பறை, தவில் இரண்டுமே ஜெனரல் மிடி என்ற பொது வரையறையின் டிரம்ஸ் பட்டியலில் கிடையாது. எழுதும் நேரத்தில் அந்தப் பட்டியலில் 60, 61 எண்களில் உள்ள பாங்கோக்களை (கையால் தட்டும் சிறு இரட்டை மேளம்) அந்த இடத்தில் நிறுத்திவைக்கலாம். பிறகு மிடியை வெளியே எடுத்து, அந்த இரண்டு எண்களுக்கும் பறையின் ஒலிப்பதிவுத் துண்டுகளை (சாம்பிள்) ஏற்றினால் போதும். வைத்த அடிகள் வைத்த இடத்திலேயே, அதே வலுவோடு ஒலிக்கும்.