நான்கு வருடமாகப் பறக்கும் நைலான் பாய்: வாங்கியது சரிதானா?

எங்கள் படகு 36 அடி. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டேயின் மிண்டெலோவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியத் தீவான பார்படாஸ் வரை சுமார் 2000 கடல் மைல், 17 நாள் ஓடினோம். அடுத்த கோடையில் செயின்ட் மார்ட்டினிலிருந்து அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டாவுக்குத் திரும்பினோம். காற்று குறைந்தால் தூக்கிக்கொள்ளலாம் என்று 75 சதுர மீட்டரில் ஒரு ஸ்பின்னேக்கர் (படகின் முன்னால் பலூன்போல் விரியும் மெல்லிய நைலான் பாய்) வாங்கினேன், மேலிருந்து இழுத்து மூடும் நீள உறையோடு.

போகும்போது அது பெரும்பாலும் பையில்தான் கிடந்தது. வணிகக் காற்று 15 முதல் 25 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரை முதுகில் தள்ளும்போது, முன்பாயைக் கழி வைத்து விரித்தாலே போதும். ஒரே ஒரு இரவு, காற்று 10 நாட்தானே என்று பேராசையில் ஸ்பின்னேக்கரை இறக்காமல் விட்டேன். இரண்டு மணி இருக்கும், பின்பக்க வானத்தில் நட்சத்திரங்கள் கீழிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மழைமேகம். அது தலைக்கு மேல் வந்ததும் 30 நாட். உறையை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது! அப்புறம் படகை நேர் பின்காற்றுக்குத் திருப்பி, பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாயின் மறைவில் ஸ்பின்னேக்கரைக் கொண்டுவந்து, அது சுருண்டு தொங்கிய பிறகுதான் இறக்க முடிந்தது. ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், ஒட்டுத் துணி போட்டோம். அன்றிலிருந்து இருட்டுவதற்கு முன் அது பைக்குள் போய்விடும், வாதமே கிடையாது.

பின்காற்று ஏமாற்றும். 20 நாட் காற்றில் படகு 6 நாட் ஓடினால் நம் மேல் படுவது 14தான், சட்டையில்லாமல் டீ குடிக்கலாம். பாயைச் சுருக்கலாமென்று காற்றை நோக்கித் திருப்பிப் பாருங்கள்: காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், வெறும் 20 என்றாலே சுமை இரண்டு மடங்கு. அதனால் 'சுருக்கலாமா' என்று மனதில் தோன்றும்போதே சுருக்கிவிடுகிறோம். பெரிய பாயை மிகச் சிறிதாக்கும் மூன்றாவது சுருக்குக்கான கயிறும் துறைமுகத்திலேயே கோத்துத் தயாராக இருக்கும்.

பலத்த காற்றைவிட என்னைப் படுத்தியது அசோர்ஸ் பக்கத்து அமைதிதான். காற்று 5 நாட், ஆனால் பழைய அலை மட்டும் உருண்டுகொண்டே இருக்கும். படகு சாயும்போதெல்லாம் பெரிய பாய் படார் படார் என்று அடித்து, தையலும், பாயின் அடியைப் பிடிக்கும் பூம் கட்டையின் ஆணிகளும் தளர்ந்தன, தூக்கமும் போச்சு. பெரிய பாயை முழுசாக இறக்கிவிட்டு ஸ்பின்னேக்கரை மட்டும் ஏற்றினோம், காற்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் வாங்கினோம். 3 நாட் வேகம் வந்தது. உடனே சத்தம் அடங்கியது. பாய்மர உச்சியில் கயிறு ஒரே இடத்தில் உரசாமலிருக்க தினமும் ஒரு சாண் தளர்த்திவிடுவோம்.

காசு வீணில்லை. ஆனால் இன்னொரு முறை வாங்கினால் 60 சதுர மீட்டரில், கொஞ்சம் கனமான துணியில் வாங்குவேன். உறையின் கயிறை மட்டும் போன மாதம்தான் மாற்றினேன்.