வீடா, விடுதியா? ஒருபால் இணையருக்கு அறை மறுப்பதில் பிரிட்டனும் அமெரிக்காவும்

2007-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஹவாய்ப் பயணத்துக்காக, ஹொனலூலுவின் ஹவாய் காய் பகுதியில் தன் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தனர். தேதி ஒத்துவந்தது, அறையும் இருந்தது. ஒரு கட்டில் போதும் என்று சொன்னதும் உரிமையாளர், நீங்கள் தன்பால் ஈர்ப்பாளர்களா என்று கேட்டார். ஆம் என்ற பதில் வந்தவுடன், அப்படிப்பட்டவர்களை வீட்டில் தங்கவைக்கத் தமக்கு மனமில்லை என்று கூறி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறு ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், சட்டப்படி இணையராகப் பதிவு செய்துகொண்ட இரண்டு ஆண்கள், முன்பே பதிவு செய்திருந்த ஒரு சிறு விடுதியில் பெட்டிகளோடு வந்து நின்றனர். இரட்டைக் கட்டில் அறையைத் திருமணமான ஆண்-பெண் தம்பதியருக்கு மட்டுமே தருவோம் என்று சொல்லி, கீழ்த்தளத்தில் குடியிருந்த உரிமையாளர்களான கிறித்தவத் தம்பதியர் அவர்களைத் திருப்பி அனுப்பினர். தனித்தனிக் கட்டில்கள் உள்ள அறையென்றால் யாருக்கும் தருவார்களாம். வழக்கு முழுவதும் ஒரு கட்டிலின் அகலத்தில் நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு வழக்குகளிலும் உரிமையாளர்களே தோற்றனர். ஆனால் அவர்கள் தோற்ற காரணங்கள் வேறு. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல், விடுமுறைத் தங்குமிடம் நடத்துபவர் ஒருபால் இணையரை மறுக்கலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. உரிமையாளரின் மத நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதைச் சுற்றியே பொதுவெளியில் விவாதம் நடக்கிறது. தீர்ப்புகளைப் படித்தால், அந்த இடம் சட்டத்தின் கண்ணில் வீடா, வணிகமா என்பதும், அந்த ஊரின் சட்டம் எந்தெந்த அடையாளங்களைப் பெயர் சொல்லிக் காக்கிறது என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. நம்பிக்கை உண்மையானதுதான் என்று நீதிமன்றங்கள் எளிதில் ஒப்புக்கொள்கின்றன. ஒப்புக்கொண்ட பிறகும் உரிமையாளருக்கு எதிராகவே தீர்ப்பளிக்கின்றன.

பிரிட்டனின் ஏற்பாடு எளிமையானது. பாலியல் நாட்டத்தின் அடிப்படையில் பொருளோ சேவையோ மறுப்பதை 2007-ஆம் ஆண்டின் விதிமுறைகள் தடை செய்தன. பிறகு அது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குள் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து முழுவதற்கும் இதுவே அளவுகோல். எந்த ஊரில் அறை இருக்கிறது என்பதை வைத்து விடை மாறாது. கார்ன்வால் உரிமையாளர்கள் ஆளுக்கு 1,800 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2011-இல் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. உரிமையாளர்களின் வாதத்தில் ஓரளவு சாமர்த்தியம் இருந்தது: நாங்கள் மறுத்தது தன்பால் ஈர்ப்பாளர்களை அல்ல, திருமணமாகாதவர்களை, மணமாகாத ஆணும் பெண்ணும் வந்தாலும் இதையே சொல்லியிருப்போம் என்றனர். அக்காலத்தில் அந்நாட்டில் ஒருபால் இணையர் திருமணம் செய்துகொள்ளவே சட்டம் இடம் தரவில்லை. பதிவு செய்துகொள்ள மட்டுமே முடிந்தது. மற்றவர்கள் விரும்பினால் நிறைவேற்றக்கூடிய ஒரு நிபந்தனையை, இவர்களால் ஒருபோதும் நிறைவேற்ற முடியாது. ஆகவே இது நேரடிப் பாகுபாடே என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் கூறினர். மற்ற இருவர் அதை மறைமுகப் பாகுபாடு என்றனர். ஆனாலும் அது நியாயப்படுத்தத் தக்கதல்ல என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அமெரிக்காவில் படம் கலங்கலானது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில், தங்கும் விடுதிகளைப் பற்றிய இரண்டாம் பகுதி இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகிய நான்கை மட்டுமே காக்கிறது. பாலியல் நாட்டம் என்ற சொல் மட்டுமல்ல, ஆண்-பெண் வேறுபாட்டைக் குறிக்கும் 'பால்' என்ற சொல்லே அந்தப் பகுதியில் இல்லை. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது 'பால்' அடிப்படையிலான பாகுபாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் போஸ்டாக் வழக்கில் தீர்ப்பளித்தபோது, எல்லாத் துறைகளிலும் கதவு திறந்துவிட்டது என்று பலரும் எண்ணினர். அந்தத் தீர்ப்பு வேலைவாய்ப்பு பற்றிய ஏழாம் பகுதியைப் பொருள்கொண்டது. அங்கே 'பால்' என்ற சொல் இருக்கிறது. விடுதிகளைப் பற்றிய பகுதியில் பொருள்கொள்வதற்கு அந்தச் சொல்லே இல்லாதபோது, எவ்வளவு தாராளமான நீதிபதியாலும் அதற்குள் பாலியல் நாட்டத்தைக் கொண்டுவர முடியாது.

சொல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலம் நல்ல சான்று. அம்மாநிலச் சட்டம் பொது இடங்களிலும் 'பால்' அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. ஒருபால் திருமணத்துக்கு இடம் தர மறுத்த ஒரு நிகழ்விட நிறுவனத்தின் வழக்கில், அந்தச் சொல் பாலியல் நாட்டத்தையும் உள்ளடக்கும் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சட்டமன்றமே அதை வெளிப்படையாக எழுதிச் சேர்த்தது.

ஆக, அமெரிக்காவில் உண்மையான விடை மாநிலங்களிடமும் நகரங்களிடமும் இருக்கிறது. கலிஃபோர்னியா, கொலராடோ, இல்லினாய், நியூயார்க், ஹவாய் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விடுதி, கடை போன்ற பொதுச் சேவையிடங்களில் இந்தப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. டெக்சாஸில் மாநில அளவில் அப்படியொரு சட்டம் இல்லை; ஆனால் ஆஸ்டின், டல்லஸ் நகரங்களின் சொந்த விதிகள் உண்டு. எனவே நகர எல்லைக்குள் இருக்கும் அறையை மறுத்தால் புகார் கொடுக்கலாம். எல்லையைத் தாண்டி ஊர்ப்புறத்தில் இருக்கும் குடிலை மறுத்தால் பெரும்பாலும் சட்டம் வாய் திறக்காது. ஆர்கன்சா மாநிலம் ஒரு படி மேலே போய், மாநிலச் சட்டத்தில் இல்லாத எந்தப் பாதுகாப்பையும் நகரங்கள் தாமாகச் சேர்க்கக்கூடாது என்று 2015-இல் சட்டம் இயற்றியது. விடுமுறைக்குப் புறப்படுபவர் வரைபடத்தில் கடற்கரையைத் தேடுவதற்கு முன் நகராட்சி எல்லையைத் தேட வேண்டிய நிலை எனக்கு வேடிக்கையாகவும் தோன்றுகிறது, வேதனையாகவும் தோன்றுகிறது.

அடுத்தது, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் என்ன என்ற கேள்வி. 1964 சட்டத்தின்படி, உரிமையாளர் உண்மையாகவே குடியிருக்கும், வாடகைக்கு ஐந்து அறைகளுக்கு மேல் இல்லாத கட்டடத்துக்கு விடுதி விதிகள் பொருந்தாது. இதற்குத் 'திருமதி மர்ஃபி விதிவிலக்கு' என்று பெயர். பிழைப்புக்காக வீட்டு அறைகளை விடும் ஒரு கற்பனைக் கைம்பெண்ணை, சட்ட விவாதத்தின்போது வெர்மான்ட் செனட்டர் ஜார்ஜ் எய்க்கன் முன்னிறுத்தினார். பெரிய ஓட்டல்களைக் கட்டுப்படுத்துங்கள், திருமதி மர்ஃபிகளை விட்டுவிடுங்கள் என்பது அவர் கோரிக்கை. அதே ஆண்டு 216 அறைகள் கொண்ட ஓர் அட்லான்டா மோட்டல் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று தோற்றது. திருமதி மர்ஃபியோ சட்டத்துக்குள் நிலைத்துவிட்டார்.

ஹவாய் உரிமையாளர் பற்றிக்கொண்டதும் இதை ஒத்த ஒரு கொம்பையே. தாம் குடியிருக்கும் வீட்டில் நான்கு அறைகள் வரை வாடகைக்கு விடுபவருக்கு ஹவாயின் குடியிருப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது; தம்மிடம் இருப்பவை மூன்று அறைகளே என்பது அவர் வாதம். 2018-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த விலக்கு, குடியிருக்க வீடு தேடுபவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலானது. சில இரவுகள் தங்கிச் செல்லும் பயணிக்கு அறை தருவது பொதுச் சேவையிடம், அதற்குத் தனிச் சட்டம் உண்டு, அந்தச் சட்டத்தில் இத்தகைய விலக்கு இல்லை என்றது. என் வீட்டில் யார் தூங்குவது என்பது என் அந்தரங்கம் என்ற வாதத்துக்கும், பணம் வாங்கிக்கொண்டு அந்நியர்களுக்குக் கதவைத் திறந்த பிறகு அந்த உரிமை அதே வலுவோடு நிற்காது என்பதே விடையாக அமைந்தது. 2019 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்க மறுத்தது. தொலைபேசி உரையாடலிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டுகள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். திருமதி மர்ஃபி விதிவிலக்கை முட்டாள்தனம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். ஒரே சமையலறை, ஒரே குளியலறை, இரவில் சுவருக்கு அப்பால் கேட்கும் இருமல் என்று வாழும் வீட்டில் யாரைச் சேர்ப்பது என்பதில் உரிமையாளருக்கு ஓரளவு உரிமை இருப்பது இயல்பு. ஆனால் இன்றைய விடுமுறைத் தங்குமிடங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்டவை அல்ல. வாசல் கதவில் எண் பூட்டு, அதன் எண் கைபேசிக்கு வரும், உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், விருந்தினரின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். அங்கே 'என் வீடு' என்ற சொல்லுக்குச் சொத்துரிமை என்பதைத் தாண்டிய பொருள் இல்லை. குடியிருப்பவருக்கு விலக்கு தருவதென்றால், அறை எண்ணிக்கையை எழுதி வெளிப்படையாகத் தருவதே நேர்மை. மதத்தின் பெயரால் கதவைத் திறந்துவிட்டால், யாரும் குடியிராத குடிலும் அதன் வழியே தப்பிவிடும்.

மத உரிமை வாதத்தை வேறு சில நாடுகளும் எடைபோட்டிருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வீட்டிலேயே காலை உணவோடு அறை தந்துவந்த ஒரு தம்பதியர், இரண்டு ஆண்களின் முன்பதிவை ஏற்ற பின் மறுத்தனர்; நம்பிக்கை உண்மையானதே என்றாலும் அவர்கள் நடத்தியது பொதுமக்களுக்கான வணிகம் என்று 2012-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் முடிவு செய்தது.

தங்க இடம் தருவதும் திருமணம் நடத்த இடம் தருவதும் ஒன்றா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஒருபால் திருமணங்களுக்கு இணையதளம் உருவாக்க விரும்பாத ஒரு வடிவமைப்பாளர் தொடுத்த 303 கிரியேட்டிவ் வழக்கில், 2023-இல், தமக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சொல்லும் இணையதளத்தை வடிவமைக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இதைக் காட்டி, அறை மறுக்கவும் இனி உரிமை உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது நிற்காது என்றே நான் கருதுகிறேன்: அந்தத் தீர்ப்பு வெளிப்பாட்டைப் பற்றியது, துவைத்த விரிப்பும் சாவியும் எந்தக் கருத்தையும் வெளியிடுவதில்லை. வட அயர்லாந்தின் கேக் வழக்கிலும் 2018-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இந்த எல்லைக்கோட்டையே வகுத்தது. கடைக்காரர் மறுத்தது கேக்கின் மேல் எழுதச் சொன்ன, ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை, வாடிக்கையாளரை அல்ல என்றது. திருமண மண்டபம் இரண்டுக்கும் இடைப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் தாம் வாழும் பண்ணையிலேயே திருமணங்களை நடத்திவந்த ஒரு தம்பதியர் இரண்டு பெண்களின் திருமணத்தை மறுத்ததற்காக மாநிலத்துக்கு 10,000 டாலர் அபராதமும் அப்பெண்களுக்கு ஆளுக்கு 1,500 டாலரும் செலுத்த நேர்ந்தது. 2016-இல் மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. 2023-க்குப் பின் அத்தகைய வழக்கில் புதிய வாதங்கள் எழலாம். படுக்கையறைக்கு அவை எட்டா.

சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் பேசுகிறது. வீடுகளையும் அறைகளையும் இணையத்தில் பட்டியலிட்டு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனம், 2016 நவம்பர் முதல் தன் பயனாளர் அனைவரிடமும் பாகுபாடு காட்டமாட்டேன் என்ற உறுதிமொழியைக் கேட்கிறது. பாலியல் நாட்டமும் அதில் அடங்கும். உள்ளூர்ச் சட்டம் தடுக்காத இடத்திலும் மறுத்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். விருந்தினரோடு ஒரே கூரையின் கீழ் புழங்குபவர் தம் பாலினத்தவரை மட்டும் ஏற்கலாம் என்ற சலுகையும் அதில் உண்டு. திருமதி மர்ஃபி அங்கேயும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, அதைக் கொண்டு இழப்பீடு வாங்க முடியாது. தொலைபேசியில் பதிவு எடுக்கும் உரிமையாளரை அது தொடுவதே இல்லை.

கூட்டாட்சிச் சட்டத்தின் விடுதிப் பகுதியில் பாலையும் பாலியல் நாட்டத்தையும் சேர்க்கும் சமத்துவ மசோதா 2019-இலும் 2021-இலும் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டைக் கடக்கவில்லை. விடுதிகளுக்கான பட்டியலில் 1964-இல் எழுதிய அதே நான்கு சொற்கள்தான் இன்றும் இருக்கின்றன.