தோல் தையலில் டெஃப்லான் ஃபுட்டும் கார்பன் பூச்சும்: சில வருட அனுபவம்

பேரணாம்பட்டில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் யூனிட் ஒன்றில் மெஷின் மெக்கானிக்காக இருக்கிறேன். உராய்வைக் குறைக்க நாங்கள் நம்புவது இரண்டை: தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் தையல் ஃபுட்டுக்கு டெஃப்லான், ஊசியைத் தாங்கி மேலும் கீழும் ஓடும் ஊசித் தண்டுக்கு கார்பன் படலம்.

பேட்டன்ட் லெதர் மாதிரி பளபளப்பான தோல் இரும்பு ஃபுட்டில் ஒட்டிக்கொள்ளும். அடித் தோல் நகரும், மேல் தோல் பின்தங்கும். தையல் நெருங்கிப்போய் ஊசித் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அந்தப் பீஸே வீண். தோலில் விழுந்த துளை மூடாது. டெஃப்லான் ஃபுட் மாட்டியதும் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதன் உராய்வுக் கெழு பெரும்பாலும் 0.05 முதல் 0.1 வரைதான். இதற்குப் பதிலாகச் சிலர் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது தோலில் தங்கிவிட்டால் அப்புறம் பசை சரியாகப் பிடிக்காது, சோல் ஒட்டும் இடத்தில் போய்த்தான் தெரியும்.

டெஃப்லான் தேய்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது வழுக்குவதே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான். உதிரும் மெல்லிய படலம் எதிர்ப் பரப்பில் படிய, டெஃப்லான் மேல் டெஃப்லான் சறுக்குகிறது. தவிர்க்க வேண்டியது வேறு: தோல் வைக்காமல் ஃபுட்டை இறக்கி மெஷினை ஓட்டினால், கீழே இருந்து தோலை நகர்த்தும் ஃபீட் டாக் பற்கள் அதைத் தின்றுவிடும். புதிதாக வரும் டெய்லர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கண்ணாடி இழையோ கார்பனோ கலந்த டெஃப்லான் இன்னும் நாள் உழைக்கும். ஆனால் கார்பன் கலந்ததை வெள்ளைத் தோலுக்குப் போட எனக்குத் துணிவில்லை. நூல் பிசிறு எரிக்கும் ஹாட் ஏர் கன்னை டெஃப்லான் பக்கம் காட்டவே கூடாது. 260 டிகிரி செல்சியஸ் வரைதான் அது தாங்கும். அதற்கு மேல் வெகுவாகச் சூடானால் வரும் புகையை மூச்சில் இழுத்தவருக்குக் காய்ச்சலே வரும்.

ஊசித் தண்டு கதை வேறு. அதிலிருந்து இறங்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும், க்ரீம் நிற லைனிங் பாழ். டிஎல்சி என்கிற, வைரம் போன்ற கார்பன் பூசிய தண்டுக்கு எண்ணெய் அவ்வளவாகத் தேவையில்லை; அது போட்ட மெஷின்களில் எண்ணெய்க் கறை ஏறக்குறைய நின்றேவிட்டது. வேலூர்ப் பக்கத்து வெயிலில், ஷிப்ட் முழுக்க ஓடியும் தண்டு இறுகவில்லை. இந்தப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். கடினம் அதிகம், ஆனால் அடியில் இருக்கும் உலோகமும் கடினமாக இருக்க வேண்டும். வெளியில் ஒரு பட்டறையில் சாதா இரும்புத் தண்டின் மேல் பூசி அனுப்பினார்கள்; சீக்கிரமே செதில் செதிலாக உரிந்தது. பஞ்சு மெத்தை மேல் அப்பளத்தை வைத்து அழுத்தினால் நொறுங்குவது போலத்தான் அது. கடினப்படுத்தி, நைசாக கிரைண்டிங் செய்த தண்டில் பூசியவை இன்றும் ஓடுகின்றன. பழக்க தோஷத்தில் எமரித் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும்.

பூசிய தண்டின் விலை அதிகம்தான். அதனால் வெளிர் நிற லைனிங் தைக்கும் மெஷின்களுக்கு மட்டும் கேட்டு வாங்குகிறேன். ரோலர் ஃபுட் போட்ட போஸ்ட் பெட் மெஷின்களுக்கு (தையல் மேடை தூண் போல உயர்ந்திருப்பவை) டெஃப்லானும் தேவைப்படவில்லை. சக்கரம் தோலோடு சேர்ந்தே சுற்றுவதால் அங்கே இழுவை கிடையாது.