கவரைப் பிரிக்கும் முன் கணிப்பை எழுது: கோவையில் ஒரு குற்றக்கதை விமர்சன வட்டம்

காந்திபுரத்தை ஒட்டி ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது இந்த வட்டம். போர்டு கிடையாது, பேரும் கிடையாது. குற்றக்கதை எழுதுகிற ஒன்பது பேர் ஒருத்தர் கதையை ஒருத்தர் படித்துக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். ஆளுக்கு 150 ரூபாய். வாடகை, டீ, ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்துக்கு நாலு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் மூன்று, அவர்கள் குறை சொல்லும் விதத்துக்கு.

கதை 4,000 சொல்லைத் தாண்டக்கூடாது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அச்சுப்பிரதி எல்லோர் கைக்கும் வந்துவிட வேண்டும். பக்க எண் கட்டாயம், ஒன்றரை வரி இடைவெளி, குறிப்பு எழுத வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலி. முடிச்சு அவிழத் தொடங்கும் இடத்திலிருந்து மிச்சப் பக்கங்கள் தனிக் கவரில் ஒட்டி வரும். முன்பகுதியைப் படித்து முடித்ததும் கவர் மேலேயே மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார் மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் வந்தது, எந்த வரி அதைக் கிளப்பியது. பிறகுதான் கவரைப் பிரிக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம். முடிவு தெரிந்த பிறகு கருத்துக் கேட்டால் எல்லோரும் 'எனக்கு அப்பவே தெரியும்' என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. விடை தெரிந்ததும் முன்னால் படித்ததெல்லாம் அதற்கேற்ப மனசில் வரிசை மாறி உட்கார்ந்துகொள்ளும். பேனாவில் எழுதிய கணிப்பு அப்படி மாறாது. எட்டுக் கவரில் ஆறு, நாலாம் பக்கத்திலேயே தோட்டத்து ஆளைக் காட்டிக்கொடுத்தால் துப்பு பட்டப்பகலில் கிடக்கிறது என்று அர்த்தம். ஒருத்தர்கூடப் பிடிக்கவில்லை, முடிவைப் படித்துவிட்டுத் திரும்பித் தேடினாலும் ஒரு துப்பும் அகப்படவில்லை என்றால் அது சாமர்த்தியம் இல்லை, வாசகருக்குச் செய்த மோசடி. இரண்டு மூன்று பேர் கவர் வரும் பக்கத்துக்குச் சற்று முன்னால் பிடித்திருந்தால் பதம் சரி.

பேச ஆளுக்கு ஐந்து நிமிஷம், செல்போனில் டைமர். எழுதியவர் குறிப்பு எடுக்கலாம், பேசக்கூடாது. எட்டுப் பேரும் முடிக்க நாற்பது நிமிஷம். அதன்பின் எழுதியவருக்குப் பத்து நிமிஷம். 1956ல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதைக்காரர்கள் ஆரம்பித்த பட்டறையிலிருந்து வந்த முறை இது. எழுதியவரை நடுவில் பேசவிட்டால் எழுத்தில் விட்டுப்போனதை வாயால் நிரப்பிவிடுவார். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுக் குறையை மறந்துவிடுவார்கள்.

நம்மூர்க் கூட்டங்களில் சண்டையைவிடப் பெரிய தொல்லை மரியாதைதான். 'நல்லாருக்குதுங்க, இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணலாமுங்க' என்று சொல்லி உட்கார்ந்தால் யார் மனசும் நோகாது, எழுதியவருக்குப் பத்துப் பைசா பிரயோஜனமும் இருக்காது. இங்கே பக்க எண் இல்லாத கருத்து செல்லாது. 'ஏழாம் பக்கம், மூணாவது பத்திங்க. கிணத்து மேட்டுல அவரு செருப்பு கிடக்குதுன்னு போலீஸ் எடுக்குறாங்க. பதினொண்ணுல அதே செருப்போட ஆஸ்பத்திரிக்கு வர்றாருங்க.' இதில் மரியாதைக்கும் குறைவில்லை, அன்றைக்கே திருத்தியும் விடலாம். 'இதெல்லாம் ஒரு கதையா', 'பொம்பளைங்க போஸ்ட்மார்ட்டம் எழுதுனா இப்படித்தான்' என்ற ரகத்தில் யாராவது ஆரம்பித்தால் நடத்துபவர் கையைத் தூக்குவார். அப்படிப் பேசியவரின் ஐந்து நிமிஷம் அத்தோடு சரி. நடத்துபவர் மாதாமாதம் மாறுவதால் தனி அதிகாரம் யாரிடமும் சேர்வதில்லை.

சட்டப்பிழை, மருத்துவப்பிழை எல்லாம் பேச்சில் வராது, தனிச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. அடிக்கடி வருகிற பிழைகள் சில: 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கொலைக்கு எப்.ஐ.ஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவைப் போடுவது (அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103), சந்தேக மரணத்துக்கு இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று எழுதுவது (இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194), பொள்ளாச்சியில் நடந்த கொலைக்குக் கோவை கமிஷனரை ஓடவிடுவது (அது எஸ்.பி.யின் எல்லை), சித்திரை வெயிலில் தோப்பில் கிடந்த உடலின் விறைப்பைப் பார்த்து டாக்டர் 'இரவு 11.20' என்று மணி சொல்வது. எல்லாவற்றையும்விடப் பெரியது, கடைசி அத்தியாயத்தில் ஸ்டேஷனில் குற்றவாளி அழுதுகொண்டே ஒப்புக்கொள்ள, கேஸ் முடிந்தது என்று கதையை மூடுவது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அவருக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

ஆனால் சட்டம் தெரிந்த இரண்டு பேர் சீட்டோடு நிறுத்துவதில்லை. ஐந்து நிமிஷத்தையும் பிரிவு எண்ணிலேயே கரைக்கிறார்கள். கதை எங்கே நொண்டுகிறது என்று அவர்களிடம் கேட்டால் பதில் இல்லை. வயதில் மூத்தவர் பேசும்போது டைமர் அடித்தாலும் 'அண்ணா, முடிச்சுக்கங்க' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை. இரண்டாவது கதைக்கு வரும்போது பாதிப் பேர் வாட்சைப் பார்க்கிறார்கள். போன ஸ்டார் இதற்குத்தான். மூத்தவர்களை முதலில் பேசவிடாமல் கடைசியில் வைத்தால் பாதி சரியாகும், மற்றவர்கள் கருத்தும் அவர்கள் பக்கம் சாயாது.

நிஜச் சம்பவத்தை வைத்து எழுதினால் ஊர், சாதி, தொழில் மூன்றையும் மாற்றியாக வேண்டும். ஆணவக்கொலைக் கதைகளில் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். செத்துப்போன பெண்ணின் வீட்டார் படித்தால் தங்கள் வீடு என்று கண்டுகொள்வார்களா என்பதே முதல் கேள்வி. கொங்குப் பேச்சிலும் கண்டிப்பு உண்டு. வரிக்கு வரி 'ஏனுங்க' தூவிவிட்டு வட்டார வழக்கு என்று கொண்டுவருபவர்களை விடுவதில்லை. அதுவும் வேண்டியதுதான்.

கூட்டம் முடிந்ததும் எல்லாப் பிரதிகளும், கணிப்பு எழுதிய கவரோடு, எழுதியவரிடமே திரும்பிவிடும். போட்டோ எடுக்கக்கூடாது, கதையின் முடிச்சை வெளியில் பேசக்கூடாது. வாட்ஸ்அப்பில் மட்டும் ஓட்டை இருக்கிறது: வராதவர்களுக்கு விளக்குகிறேன் என்று யாராவது கொலையாளி பெயரைப் போட்டுவிடுகிறார்கள், கவருக்கு அப்புறம் என்ன மதிப்பு? குழுவில் தேதி, இடம் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று வைக்கலாம்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் இரண்டு மாதம் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும்தான் முடியும். மூன்றாம் மாதத்திலிருந்து சொந்தக் கதை கொடுக்கலாம். ஒருதரம் படிக்காமல் வந்தால் அடுத்த முறை கதை கொடுக்கும் வாய்ப்பு போய்விடும். வண்டி நிறுத்த இடம் குறைவு, பஸ்ஸில் போவது உத்தமம்.