கேம்பருக்குள் குளிர்: மின் ஹீட்டரா, ஃபர்னஸா?

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் கடலூருக்கு இது எதற்கு என்காதீர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் கேம்பரில், அதாவது பிக்கப் டிரக்கின் பின்பக்கத் தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியில், ஊர் சுற்றுகிறார்கள். குளிரில் அவர்களுக்காகத்தான் இது.

1500 வாட் மின் ஹீட்டர் விலை குறைவு, சத்தமும் அதிகமில்லை. ஆனால் வைத்த அறையைத்தான் சூடாக்கும். 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். கூடவே மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழலாம்.

புரொப்பேன் ஃபர்னஸ், அதாவது கேஸை எரித்துச் சூடான காற்றை ஊதும் கருவி, கேஸைக் குடிக்கும், ஊதும் இரைச்சல் வேறு. இருந்தும் உறைபனி ராத்திரியில் என் ஓட்டு அதற்கே. தரையிலுள்ள வென்ட் எனும் காற்றுத் துவாரம் வழியாக அறைதோறும் சூடு போகும். பல வண்டிகளில் அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் கொஞ்சம் போகும். மின் ஹீட்டரை மட்டும் நம்பினால் மேலே இதம், கீழே குழாய் உறைந்து வெடிக்கலாம்.

ஒன்று தம்பி, வென்ட் மேல் மிதியடி போடாதீர்கள். காற்று அடைபட்டுச் சூடு மிஞ்சினால் ஃபர்னஸ் தானே அணைந்துவிடும்.